அண்ணன் பதிலி எடுத்த காலை

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் இந்த நம் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள் என்று சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதியது, பிழை இருந்தால் படிப்பவர் திருத்திக்கொள்ளட்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்களை யாரும் தேர்வு வைத்து எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் வீட்டில் ஒருவருக்குக் கையும் காலும் வரவில்லை. அன்றைக்கே நீங்கள் வேலையில் சேர்ந்துவிட்டீர்கள். சம்பளம் இல்லை, வார விடுமுறை இல்லை. ஆனாலும் இது வேலைதான். நான் லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன், நாக்பூரில் ஓட்டலில் மாவு பிசைந்திருக்கிறேன், நெல்லூர்ப் பக்கம் இறால் குட்டையில் காவல் இருந்திருக்கிறேன், நோணாங்குப்பத்தில் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அத்தனையிலும் கடினமானது, உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில், என் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் பார்த்த வேலை. ஒரே இடத்தில் நான் அதிக நாள் இருந்ததும் அதில்தான். அண்ணன் போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். அதனால் இப்போது நான் ஓய்வு பெற்றவன்.

படுத்திருப்பவரை எப்படிப் புரட்டுவது, புண் வராமல் எப்படிப் பார்ப்பது, இதெல்லாம் நர்சம்மா காட்டித்தருவார்கள். நான் சொல்லப்போவது அதற்கு அப்பாற்பட்டது. உங்களால் தனியாக முடியாது என்று தெரியவரும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு என்ன செய்வது என்பதைப் பற்றி.

அண்ணன் பெயர் கோதண்டம். மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்தார். அண்ணி முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் வசந்தி ஓசூரில் வேலையும் இரண்டு பிள்ளைகளுமாக இருக்கிறாள். பக்கவாதம் வந்து அண்ணனுக்கு வலப் பக்கம் போனதும் எனக்குப் போன் வந்தது. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தோள்பையோடு வந்தேன். பையை ஆணியில் மாட்டினேன். அது அங்கேயே தொங்கியது.

பேச்சு அண்ணனுக்குக் குழறும், ஆனால் நிற்காது. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் அவருடைய விமர்சனத்தைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு ஒரு மாதிரி ஓட்டிவிட்டோம். பிறகு எனக்கு அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்டது. அவரைத் தூக்கித் தூக்கி வந்ததுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

"அதுவரைக்கும் தூக்காதீங்க. அப்புறமும் ரெண்டு மாசம் தூக்கக் கூடாது" என்றார்.

"எங்கண்ணன நான்தான் சார் தூக்கணும்."

"இதோட அவர தூக்குனீங்கன்னா, அப்புறம் உங்கள நாலு பேரு தூக்கணும். பாத்துக்குங்க."

வசந்திக்குச் சொன்னேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கடலூர் போகும் வழியில் முடியாதவர்களை வைத்துப் பார்க்கும் ஓர் இல்லம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடலாம், நான் பணம் கட்டுகிறேன் என்றாள். போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம், நல்ல மனிதர்கள். அண்ணனிடம் சொன்னதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அங்க ஜன்னலு இருக்குதா?"

"இருக்குது. தோப்பு தெரியுது."

"தோப்ப எவன் திட்டுறது?" என்றார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் பாதித் தட்டுதான்.

ஆபரேஷன் நாளுக்குள் தினமும் வந்து போக ஆட்கள் கிடைத்தால் அண்ணன் வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் இல்லம். அங்கே போனால் அவர் சாப்பாட்டை நிறுத்தியே போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். என் கவலை அவ்வளவுதான், ஆனால் அது சின்னதில்லை.

முதலில் அரசு அலுவலகங்களுக்குப் போனேன். யாரும் விரட்டவில்லை. சக்கர நாற்காலிக்கு வழி சொன்னார்கள், சுகாதார நிலையத்திலிருந்து ஒருவர் எப்போதாவது வந்து காலை நீட்டி மடக்கிவிடுவார் என்றார்கள். வந்தார், நல்ல பிள்ளை. நீங்களும் போய்க் கேளுங்கள், கிடைப்பதை விடாதீர்கள். ஆனால் காலையில் அண்ணனை எழுப்பி உட்கார வைக்க ஓர் ஆள் அங்கே கிடைக்காது.

அடுத்து டீக்கடைக்குப் போனேன். சாயங்கால நேரம், தெருக்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். "எனக்கு ஆபரேஷன். அண்ணன பாத்துக்க ஒத்தாச வேணும்." கடையே உருகிவிட்டது. "நாங்க இல்லியா?" என்றார் ஒருவர். "கவலப்படாத போ, நம்ம கோதண்டம்தான?" என்றார் இன்னொருவர். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை. அத்தனை பேர் சரி என்று சொன்னதைக் கேட்ட ஒவ்வொருவரும், நம்மைத் தவிர ஆள் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பெட்டி அடைக்கும் வேலை. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் மாத்திரைக்குக் காத்திருந்தபோது பழக்கம். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், இந்த வேலையில் மூத்தவர். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டீக்கடைக் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"ஒத்தாச பண்ணுங்கன்னா எல்லாரும் தலையாட்டுவாங்கண்ணே. ஆட்டுறதுக்கு இன்னா செலவு? கைக்கு ஒரு வேல குடுக்கணும். 'பத்து மணிக்கு வந்து எங்கத்தைக்குத் தலவாரி வுடு'ன்னு நான் கேப்பேன். முடியும், முடியாது, ரெண்டுல ஒண்ணு வந்துரும்."

"யாரு கிட்ட கேக்குறது?"

"உங்க வாசல்ல சும்மாவே போறவங்க வர்றவங்க இல்ல? அவங்க எப்ப போறாங்களோ அப்ப கேளுங்க. புதுசா ஒரு நேரத்துக்கு வரச்சொன்னா எவ வருவா?"

இது எனக்கு உடனே விளங்கிற்று. ரோட்டில் நின்று லாரியில் ஏறிப் போனவனுக்குத் தெரியும், லாரி போகும் வழியில்தான் இடம் கேட்க வேண்டும். நமக்காக அது வளைந்து வராது.

இரண்டு நாள் அண்ணனோடு சேர்ந்து நானும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். ஆட்டோ ஓட்டும் செல்வம் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, எதிரிலிருக்கும் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு மதியம் வரை போன் பார்த்துக்கொண்டிருப்பான். தெருமுனை வீட்டு சொல்தா சாயங்காலம் பெத்தாங் என்கிற குண்டு எறியும் ஆட்டம் ஆட எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா என்று பெயர், அதனால் தெருவுக்கே அவர் சொல்தாதான். இரும்புக் குண்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். ஆட்டம் தொடங்க எவ்வளவோ நேரம் இருக்கும்.

செல்வத்திடம் போய், "காலைல எங்கண்ணன தூக்கி உக்கார வெச்சு, குளிக்க வெக்கணும். மதியம் வரைக்கும் கூட இருக்கணும்" என்றேன். யோசித்தான். "சவாரி வந்தா?" என்றான். "வந்தா போ. ஆனா சொல்லிட்டுப் போ" என்றேன். சரி என்றான். சொல்தாவிடம், மதியத்துக்கு மேல் வந்து அண்ணனோடு இருக்க முடியுமா என்று கேட்டேன். "வீட்ல சுவரத்தான பாக்குறேன். கோதண்டத்த பாத்துட்டுப் போறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை செல்வத்தை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். "இனிமே இவன்தான் உன்ன குளிப்பாட்டுவான்" என்றேன். செல்வம் அண்ணனின் கக்கத்தில் கை கொடுத்தான். அண்ணன் நல்ல காலால் விட்டார் ஓர் உதை. தண்ணீர்ச் செம்பு கூடம் வரை உருண்டது.

"எவன கேட்டு இவன கூட்டினு வந்த?"

"உனக்காகத்தாண்டா அண்ணே நாயா அலஞ்சேன்!"

"நான் என்ன பொணமா, எவன் வேணா வந்து தூக்குறதுக்கு?"

செல்வம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே வெளியே போனான். "எனக்கு இது தேவதாண்ணே" என்றான் போகும்போது. சாயங்காலம் சொல்தா வந்தார். அண்ணன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். சொல்தா குண்டுப் பையோடு ஆட்டத்துக்குப் போய்விட்டார்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில் ஆணியிலிருந்த பையைப் பார்த்தேன். அதை எழுத வெட்கம் இல்லை. உங்களுக்கும் அப்படி ஒரு பை இருக்கும்.

"உன்ன பாத்துக்க ஆளத் தேடுனது தப்பா?" என்று கத்தினேன்.

அவரும் கத்தினார். வார்த்தைகள் குழறி எச்சிலோடு வந்தன. "மில்லுல பதிலிய யாருடா எடுப்பான்? மேஸ்திரி எடுப்பான்! கேட்டுல நிக்கிறவன வாட்ச்மேன் இழுத்தாந்து தறியில வுடுவானா? வுட்டா ஷெட்டே சிரிக்கும்!"

மில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவன் இடத்தில் நிற்பவன் பதிலி. பதிலிகள் விடியற்காலையில் மில் வாசலில் நிற்பார்கள். மேஸ்திரி வந்து முகம் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, நீ வா, நீ வா என்று எடுப்பார். அண்ணன் வாலிபத்தில் அந்த வாசலில் பதிலியாக நின்றவர். பின்னால் மேஸ்திரியாகி அதே வாசலில் ஆள் எடுத்தவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலுவலகத்தைக் கேட்டேன், டீக்கடையைக் கேட்டேன், தட்டாஞ்சாவடி அம்மாவைக் கேட்டேன். யாருக்காகக் கேட்டேனோ அவரைக் கேட்கவே இல்லை. அவர் உடம்பு, அவர் கட்டில். ஆளை நான் எடுத்துவிட்டேன். நானாக இருந்தாலும் உதைத்திருப்பேன்.

செல்வத்தைப் போய்ப் பார்த்தேன். "காலைல வந்து எங்க வாசல்ல நில்லு. உள்ள வராத" என்றேன்.

"எதுக்கு?"

"வேல கேட்டு நிக்கிற மாதிரி."

"அண்ணே, உதையும் வாங்கிட்டு வேலையும் கேட்டு நிக்கணுமா? எனக்கு இன்னா பைத்தியமா?"

"ஒரு நாளு. எனக்காக."

சொல்தாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆள் எடுப்பா? வர்றேன்" என்றார்.

காலையில் ஜன்னலைத் திறந்தேன். வாசலில் செல்வம் வெட்கப்பட்டுக்கொண்டு சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சொல்தா, தேய்த்த சட்டையோடு விறைப்பாக. தெருவில் போன இட்லிக்காரம்மா, "இன்னாப்பா, யாரு வூட்டு பொண்ணு பாக்க நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அண்ணே, ஆளுங்க நிக்கிறாங்க. வேணுமா பாரு" என்றேன்.

அண்ணன் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். பிறகு, "தலகாணிய ஏத்து" என்றார். ஏற்றி வைத்தேன். தூக்கவில்லை, தலையணையைத்தான். சட்டை கேட்டார். போட்டுவிட்டேன். செல்வத்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் வரச்சொன்னார்.

"குடிப்பியா?"

"சாயங்காலம்."

"காலைல?"

"காலைல வண்டி ஓட்டுறன்யா. நான் இன்னா முட்டாளா?"

"கைய காட்டு."

செல்வம் காட்டினான். அண்ணன் இடது கையால் பிடித்து அழுத்திப் பார்த்தார். "நேத்து கக்கத்துல குடுத்தியே கைய, அது இன்னா ஆட்டோவுக்கு ஸ்டெப்னி மாத்துறதா? முதுகுக்கு அடியில குடுக்கணும்." பிறகு சொன்னார்: "வா. காலை ஷிப்டு."

சொல்தாவை மேலும் கீழும் பார்த்தார். "உன்ன புடிச்சு நடத்த ஒரு ஆளு வேணும் போலக்குது. உனக்கு இன்னாய்யா தெரியும்?"

"சவரம் பண்ணுவேன். பட்டாளத்துல பாதி பேருக்கு நான்தான். இன்னி வரைக்கும் ஒரு கீறல் கெடையாது."

அண்ணன் தாடியைத் தடவிக்கொண்டார். நான் மழித்துவிட்டதில் அங்கங்கே வெட்டு இருந்தது. "சரி. சாயங்கால ஷிப்டு" என்றார். "ஆனா ஒண்ணு. மில்லுல அடுத்தாளு வந்து தறியில கைய வெக்காம முன்ன நின்னவன் போகக்கூடாது. இங்கயும் அதான். கட்டிலுல கைய வெச்சாத்தான் ஆளு மாறுன கணக்கு."

அந்தச் சட்டம் எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது. கட்டிலில் கை வைக்க வேண்டுமானால் உள்ளே வந்தாக வேண்டும். உள்ளே வந்தால் முன்னவன் சொல்வதைக் கேட்டாக வேண்டும். சாப்பிட்டாரா, வயிறு போனதா, எதற்குக் கோபமாக இருக்கிறார் என்று அண்ணன் காதுபடவே பேசுவார்கள். அவர் நடுவில் திருத்துவார். ஒரு நாள் செல்வத்துக்குச் சவாரி வந்து நிற்க, சொல்தா வாசலில் யாருடனோ பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். "யோவ் சொல்தா, கத அப்புறம் பேசு, முதல்ல கைய வெய்யி!" என்று செல்வம் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அண்ணன் சிரித்துப் புரையேறிவிட்டது. காலைச் சாப்பாடு கொடுக்க இட்லிக்காரம்மாவும் சேர்ந்துகொண்டார். அவரை மட்டும் அண்ணன் கேள்வி கேட்கவில்லை, பயம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வசந்தி காரோடு வந்தாள். இல்லத்தில் இடம் பிடித்துவைத்திருந்தாள். உள்ளே வந்தபோது செல்வம் அண்ணனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க யாரு?"

"என் ஆளு" என்றார் அண்ணன்.

என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "சித்தப்பா, நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரில இருக்கும்போது இவங்க வரலன்னா? அப்பா தனியா கெடப்பாரு. நான் ஓசூர்ல இருந்து பறந்தா வருவேன்?"

நியாயமான கேள்வி. வருவார்கள் என்று சத்தியம் செய்ய வாய் துடித்தது. செய்யவில்லை. டீக்கடையில் கேட்ட வாக்கெல்லாம் நினைவுக்கு வந்தது. நானும் அப்படி ஒன்றை அவளுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பாரும்மா. அப்பவும் கூட்டினு போறதுன்னா கூட்டினு போ. நான் தடுக்கல" என்றேன். புதியவர்களே, பயந்திருக்கும் சொந்தக்காரர்களோடு வாதாடாதீர்கள். உட்கார வைத்துக் காட்டுங்கள். காட்ட ஒன்றுமில்லை என்றால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

உட்கார்ந்தாள். அண்ணன் ஜன்னலில் ஆள் எடுத்த கதையைச் செல்வம் சொல்லக் கேட்டாள். மதியத்துக்கு மேல் சொல்தா வந்து கட்டிலில் கை வைத்ததையும், செல்வம் ஒப்பித்துவிட்டுக் கிளம்பியதையும், அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டதையும் பார்த்தாள். சவர நுரை பூசிய முகத்தோடு அவர் சொல்தாவின் ஆட்டத்தைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். வசந்தி எழுந்து வெளியே போனாள். கார்க்காரரிடம்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள்.

"மேஸ்திரி, பொம்பள ஆளு எடுப்பீங்களா?"

அண்ணன் நுரை முகத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். சொல்தா கத்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"எந்த நாளு வருவ?" என்றார் அண்ணன்.

"மாசத்துல ஒரு ஞாயிறுதாம்பா முடியும்."

"வா. போதும்."

கார் காலியாகத் திரும்பிப் போனது. அவள் இருந்து, மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது செல்வம் கட்டிலில் கை வைக்கும் வரை பார்த்துவிட்டுத்தான் ஓசூருக்கு பஸ் ஏறினாள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டினார்கள், தைத்தார்கள். நான் இல்லாத நாட்களில் சொல்தா ஆட்டத்துக்குப் போகாமல் ராத்திரியும் அங்கேயே படுத்துக்கொண்டாராம். ஒரு காலை செல்வத்தின் வண்டி ரிப்பேராகி அவன் வரத் தாமதமாகிவிட்டது. இட்லிக்காரம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவன் வந்து கை வைக்கும் வரை நகரவில்லையாம். அன்றைய இட்லி ஆறிப்போனது. அதற்குச் செல்வம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவனே என்னிடம் சொன்னான், என்னை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வரும்போது. பள்ளம் மேடு பார்த்து, பால் குடத்தை ஏற்றி வருவதுபோல் ஓட்டினான்.

வீட்டில் மதிய வெயில். சொல்தா சோப்பு நுரை கலக்கிக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் நேரே கட்டிலுக்குப் போய்ப் போர்வையைச் சரி செய்யக் குனிந்தேன்.

"டேய் மணி, எட்டப் போடா" என்றார் அண்ணன். "ஆளு இருக்குது. உனக்கு இன்னா வேல இங்க? போய்ப் படு."

கூடத்தில் பாய் போட்டிருந்தார்கள். மெதுவாகப் படுத்தேன். அறையில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், மீசையை எவ்வளவு குறைப்பது என்று. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு காதை அண்ணன் பக்கம் வைத்துக்கொண்டுதான் நான் தூங்கியிருக்கிறேன். இருமினால் எழுவேன், கட்டில் கிரீச்சிட்டால் எழுவேன். அன்றைக்கு இரண்டு காதையும் மூடிக்கொண்டு தூங்கினேன்.

விழித்தபோது இருட்டியிருந்தது. விளக்குப் போட்டிருந்தார்கள். வாசல் தெளித்திருந்தது. அறையில் அண்ணன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், அந்த யாரோ சிரித்துக்கொண்டிருந்தார். யாரென்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை. புரண்டு படுத்தேன்.